உலகச் சந்தையில் எண்ணெய் விழுந்தாலும் கல்முனையில் பெற்றோல் ஏன் விழுவதில்லை?

கல்முனையில் ஓட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "உலகச் சந்தையில் எண்ணெய் விலை விழுந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். மாதக் கடைசியில் பார்த்தால் இங்கே லீற்றருக்கு ஐந்தோ பத்தோதான் குறைகிறது. ஏறும்போது மட்டும் அள்ளி ஏற்றுகிறார்கள். இது அரசாங்கம் செய்கிற வேலையா, அரபு நாடுகளும் அமெரிக்காவும் செய்கிற வேலையா? பக்கத்தில் திருகோணமலையில் அத்தனை எண்ணெய்த் தாங்கி இருந்தும் எங்களுக்கு ஏன் இந்த நிலை?"

நியாயமான கேள்வி தம்பி. எரிபொருள் கணக்கோடு நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பதில் கொஞ்சம் நீளம். இதில் வெறும் கணக்கும் இருக்கிறது, அரசியலும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் யாரிடம் எதைக் கேட்பது என்றே தெரியாமல் போய்விடும்.

முதலில் கணக்கு. "மசகு எண்ணெய் பீப்பாய் இத்தனை டொலர்" என்று செய்தியில் வருவது பெரும்பாலும் பிரென்ட் விலை, சுத்திகரிக்காத எண்ணெயின் விலை. நாட்டில் இருக்கிற ஒரே சுத்திகரிப்பு நிலையம் சபுகஸ்கந்த. 1969இல் ஈரானின் மசகு எண்ணெய்க்கு ஏற்றபடி கட்டியது. முழு நாட்டின் தேவைக்கும் அது காணாது. அதனால் பெற்றோலிலும் டீசலிலும் பெரும்பகுதி சுத்திகரித்த பொருளாகவே கப்பலில் வந்து இறங்குகிறது. அதற்கு விலை பேசுவது சிங்கப்பூர்ச் சந்தையை வைத்து. பிளாட்ஸ் நிறுவனம் வெளியிடும் சிங்கப்பூர் விலை, அதற்கு மேல் விலைமனுவில் ஒத்துக்கொண்ட ஒரு மேலதிகத் தொகை, இதுதான் நாம் கட்டுவது. மசகு எண்ணெயும் பெற்றோலும் பொதுவாகச் சேர்ந்துதான் ஏறி இறங்கும். ஆனால் எப்போதும் அல்ல. 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு உலகத்தில் சுத்திகரிப்பு வசதிக்கே தட்டுப்பாடு வந்தது. மசகு எண்ணெய் 120 டொலர் அளவில் நின்ற நாட்களில் டீசல் அதைவிட வெகு உயரத்துக்குப் போய்விட்டது. செய்தியில் சொன்ன விலைக்கும் நாம் வாங்கிய பொருளின் விலைக்கும் அப்போது பெரிய இடைவெளி.

அடுத்தது ரூபா. ஒரு பீப்பாய் என்பது 159 லீற்றர். சிங்கப்பூரில் பெற்றோல் பீப்பாய் 80 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், லீற்றருக்கு ஏறத்தாழ அரை டொலர் வரும். டொலர் 200 ரூபாவாக இருந்தால் அது 100 ரூபா. டொலர் 300 ரூபாவானால் 150 ரூபா. 360 ஆனால் 180ஐத் தாண்டும். உலகத்தில் ஒன்றுமே நடக்காவிட்டாலும், ஒரு கிணறு வற்றாவிட்டாலும், ஒரு கப்பல் தடைப்படாவிட்டாலும், ரூபா விழுந்தாலே பெற்றோல் ஏறும். 2022 மார்ச் தொடக்கத்தில் 203 ரூபாவாகப் பிடித்து வைத்திருந்த டொலரைக் கைவிட்ட பிறகு, மே மாதத்துக்குள் அது 360 ரூபா வரை போனது. அதே மாதங்களில் உலக விலையும் உச்சத்தில் நின்றது. இரண்டும் சேர்ந்து அடித்ததில்தான் 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் 2022 ஜூன் கடைசியில் 470 ரூபாவாகியது.

மூன்றாவது வரி. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இங்கேதான் இருக்கிறது. சுங்க வரி, உற்பத்தி வரி, துறைமுக வரி, 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீத வற் வரி என்று அடுக்கடுக்காக இருக்கிறது. இதில் வற் மாதிரியானவை சதவீதக் கணக்கு, பொருள் விலை இறங்கினால் கூடவே இறங்கும். ஆனால் பெரிய பங்கு லீற்றருக்கு இத்தனை ரூபா என்று கட்டி வைத்தது. 2022 நெருக்கடிக்கு முன்னும் பின்னும் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் குவித்த கடனைத் திறைசேரி பொறுப்பேற்றது. அதை மீட்க லீற்றருக்கு 50 ரூபா என்ற கணக்கில் ஏற்றிய வரியும் இந்த வகைதான். உலக விலை என்ன ஆனாலும் அது அசையாது.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். பொருளின் விலை லீற்றருக்கு 150 ரூபா, அசையாத வரி 100, கப்பல் கூலி, களஞ்சியம், பவுசர், பெற்றோல் செட்டுக்காரரின் கழிவு எல்லாம் சேர்த்து 40. மொத்தம் 290. இப்போது சிங்கப்பூரில் விலை 20 சதவீதம் விழுகிறது. பொருளின் விலையில் 30 ரூபா குறையும். மற்றது அப்படியே. 290 இருந்த இடத்தில் 260. அதாவது உலகத்தில் 20 சதவீதம் விழுந்தால் கல்முனையில் 10 சதவீதம்தான் விழும். கணக்கை நேர்மையாகப் போட்டாலே இப்படித்தான் வரும். ஏறும்போதும் இதே கணக்கு, இதே பாதி வேகம்தான் இருக்க வேண்டும். அப்படியென்றால் "அள்ளி ஏற்றுகிறார்கள்" என்று உங்களுக்கு ஏன் தோன்றுகிறது? அது வெறும் தோற்றம் இல்லை. அங்கேதான் அரசியல் வருகிறது.

2015 ஜனவரியில் ஆட்சி மாறிய கையோடு பெற்றோலை 150 ரூபாவிலிருந்து 117 ஆகக் குறைத்தார்கள். மக்களுக்குச் சந்தோஷம். அதே 117 ரூபா 2018 மே மாதம் வரை நின்றது. அந்த மூன்று வருடத்தில் உலக விலை 30 டொலருக்குக் கீழேயும் போய், 75 டொலருக்கு மேலேயும் வந்துவிட்டது. நம்முடைய செட்டில் மட்டும் அசைவே இல்லை. பிறகு மங்கள சமரவீர நிதியமைச்சராக இருந்தபோது, உலக விலையோடு சேர்த்து உள்ளூர் விலையையும் மாற்றுகிற விலைச் சூத்திரம் கொண்டுவந்தார்கள். ஒரே இரவில் பெற்றோலுக்கு 20 ரூபா, டீசலுக்கு 14, மண்ணெண்ணெய்க்கு 57 ரூபா கூடியது. 2019 கடைசியில் ஆட்சி மாறியதும் சூத்திரத்தைத் தூக்கி எறிந்தார்கள். அது முதல் தடவையும் அல்ல. 2002இல் கொண்டுவந்த சூத்திரத்தை 2004இல் கைவிட்டது இதே கதைதான். தேர்தல் நெருங்கினால் சூத்திரம் போய்விடும், கஜானா காலியானால் திரும்பி வரும்.

2020இல் நடந்ததை நான் இன்னும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன். கொரோனாவில் உலகமே முடங்கியது. அந்த ஏப்ரல் 20ஆம் திகதி அமெரிக்காவில் மசகு எண்ணெயின் எதிர்கால ஒப்பந்த விலை பூச்சியத்துக்குக் கீழே, பீப்பாய்க்குக் கழித்தல் 37 டொலருக்குப் போனது. வைக்க இடமில்லாமல், எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு விற்கிறவனே பணம் கொடுக்கிற நிலை. இலங்கையில் பெற்றோல் 137 ரூபாவில் அப்படியே நின்றது. மிச்சப்படும் பணத்தை ஒரு விலை உறுதிப்படுத்தல் நிதியில் போடுகிறோம், விலை ஏறும் காலத்தில் அது கைகொடுக்கும் என்று சொன்னார்கள். கொள்கையாகப் பார்த்தால் நல்ல யோசனை. நாங்களும் கொடுத்தோம். ஆனால் 2021 ஜூனில் உலக விலை 70 டொலரைத் தொட்டபோது அந்த நிதி கைகொடுக்கவில்லை. பெற்றோல் 20 ரூபா கூடியது. அதை அறிவித்த எரிசக்தி அமைச்சர் உதய கம்மன்பில பதவி விலக வேண்டும் என்று கேட்டது எதிர்க்கட்சி மட்டுமில்லை, ஆளும் பொதுஜன பெரமுனவின் பொதுச் செயலாளரே அறிக்கை விட்டார். விலை ஏன் ஏறியது என்ற பேச்சு பின்னுக்குப் போய்விட்டது. யார் தலையில் பழியைப் போடுவது என்பதில்தான் மல்லுக்கட்டு.

இப்படிப் பிடித்து வைத்த விலைதான் பிறகு அள்ளி ஏறுகிறது. மாதாமாதம் மூன்று ரூபா, ஐந்து ரூபா என்று ஏறி இறங்கியிருந்தால் உங்கள் ஓட்டோக் கட்டணமும் அதோடு மெல்ல மாறியிருக்கும். பிடித்து வைத்த காலத்தில் கூட்டுத்தாபனம் நட்டத்தில் விற்கிறது, நட்டத்துக்கு அரச வங்கிகளில் கடன் வாங்குகிறது, அந்தக் கடன் இன்றைக்கு லீற்றருக்கு 50 ரூபா வரியாக உங்கள் தலையிலேயே வந்து இறங்கியிருக்கிறது. அன்று நமக்குக் குறைவாகக் கிடைத்ததாக நினைத்த எண்ணெய்க்கு இன்றுதான் விலை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

மாதக் கடைசியில் நீங்கள் பார்க்கும் ஒரு காட்சியும் இதோடு சேர்ந்தது. 29, 30ஆம் திகதிகளில் சில செட்டுகளில் பெற்றோல் இல்லை என்று பலகை தொங்கும். பவுசர் வரவில்லை என்பார்கள். உண்மையில் பல இடங்களில் முதலாளி பவுசருக்குப் பணமே கட்டியிருக்க மாட்டார். முன்பணம் கட்டித்தான் அவர் எண்ணெய் எடுக்க வேண்டும். இன்றைக்கு 6,600 லீற்றர் எடுத்து நிலத்தடித் தாங்கியில் இறக்கி, நள்ளிரவில் லீற்றருக்கு பத்து ரூபா குறைந்தால், விடியும்போது அவருக்கு 66,000 ரூபா நட்டம். அளவுக் கோலை விட்டுப் பார்த்து, நாளை வரை தாக்குப்பிடிக்கும் என்று தெரிந்தால் பேசாமல் இருந்துவிடுவார். விலை கூடும் என்று கதை அடிபட்டால் நிலைமை தலைகீழ், எல்லா முதலாளியும் ஒரே நாளில் கேட்பார்கள், நீங்களும் நானும் முதல் நாள் மாலையே வரிசையில் நிற்போம். அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன செய்வது? அவர்களுக்குக் கிடைப்பது சிறு கழிவு. 2025 பெப்ரவரி கடைசியில் அந்த 3 சதவீதக் கழிவில் கை வைக்கப் போனபோது, எண்ணெய் எடுக்க மாட்டோம் என்று விநியோகஸ்தர்கள் சொன்னதும் நாடு முழுக்க ஒரே இரவில் வரிசை வந்ததே, ஞாபகம் இருக்கும்.

மண்ணெண்ணெய்க்கு வருகிறேன். எண்ணெய் அரசியல் என்றால் எல்லோரும் பெற்றோலைப் பற்றியே பேசுகிறார்கள். எங்கள் கரையில் நியாயமாக முதலில் பேச வேண்டியது மண்ணெண்ணெயை. கல்லடி, நாவலடி, பாலமீன்மடு என்று எந்தக் கரையிலும் போய்ப் பாருங்கள். சிறிய வள்ளங்களில் பூட்டியிருக்கிற என்ஜின்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுபவை. கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, என்ஜின் சூடானதும் குழாயை மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். விடியற்காலையில் கடலுக்குப் போகிறவர் கையில் ஒரு கான் மண்ணெண்ணெய் இல்லையென்றால் அன்றைக்கு அந்த வீட்டில் வருமானம் இல்லை.

ஏழைகளின் எரிபொருள் என்று சொல்லி மண்ணெண்ணெயை எப்போதும் மற்றவற்றைவிட வெகு மலிவாகவே வைத்திருந்தார்கள். 2018 மே வரை லீற்றர் 44 ரூபா. மலிவாக இருந்தால் என்ன நடக்கும்? டீசலில் கலந்து லொறிக்கும் பஸ்ஸுக்கும் அடித்தார்கள். கலப்படத்தைத் தடுக்கத்தான் என்று சொல்லி 44ஐ 101 ஆக ஏற்றினார்கள். மீனவர்கள் கொதித்து எழுந்த பிறகு அடுத்த மாதமே 70 ஆகக் குறைத்தார்கள். பிறகு 77, அதற்கும் பிறகு 87. 2022இல் டீசல் 400ஐத் தாண்டிப் போனபோதும் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலேயே நின்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 87 ரூபாவுக்கு மண்ணெண்ணெய் எங்கே இருந்தது? செட்டில் இல்லை. விமான எரிபொருளும் மண்ணெண்ணெயும் மசகு எண்ணெயின் ஒரே பகுதியிலிருந்து வருபவை. சபுகஸ்கந்த மூடிக் கிடந்த மாதங்களில் இரண்டுக்கும் தட்டுப்பாடு. நட்டத்துக்கு விற்கிற சாமானை டொலர் கொடுத்து இறக்க யாருக்கும் அவசரமும் இல்லை. பலகையில் 87 என்று எழுதியிருந்த மாதங்களில் வள்ளங்கள் கரையில் கவிழ்த்துக் கிடந்தன, கறுப்புச் சந்தையில் கேட்ட விலைக்குத்தான் வாங்க வேண்டியிருந்தது. பிறகு ஓகஸ்ட் 22ஆம் திகதி ஒரே இரவில் 340 ரூபா. கிட்டத்தட்ட நான்கு மடங்கு. மீனவருக்கும் வறிய குடும்பங்களுக்கும் நேரடியாகப் பணமாக உதவி வரும் என்று அப்போது சொன்னார்கள். விலை ஏறிய வேகத்தில் அந்த உதவி வரவில்லை.

இதில் என் கருத்து உறுதியானது. மண்ணெண்ணெயை 87இல் வைத்ததும் பிழை, 340க்கு ஏற்றிவிட்டு மீனவனைத் தன் பாட்டுக்கு விட்டதும் பிழை. பொருளுக்கு உண்மையான விலையை வைத்துவிட்டு, பதிவு செய்த வள்ளத்துக்கு இத்தனை லீற்றர் என்று கணக்குப் பார்த்து, உதவியை மீனவரின் வங்கிக் கணக்கில் போட வேண்டும். கியூ.ஆர். முறையில் 2022 ஜூலையிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று வாரம் வாரம் கணக்குப் பார்க்க இந்த நாட்டால் முடிந்தது. வள்ளத்துக்கு மட்டும் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

வயலும் அப்படித்தான். சம்மாந்துறை வட்டையிலோ படுவான்கரையிலோ இன்றைக்குக் கையால் வெட்டிச் சூடு மிதிக்கிறவர் யார்? உழவு, வெட்டு, ஏற்று எல்லாமே டீசல். வெட்டு மெஷின்காரர் ஏக்கருக்குக் கேட்கிற கூலியில் டீசல் விலை அப்படியே உட்கார்ந்திருக்கும். 2022 சிறுபோகத்தில் கமநல சேவை நிலையத்தில் கடிதம் எடுத்துக்கொண்டு, கான்களோடு நாள் கணக்கில் செட்டில் நின்ற விவசாயிகளை இந்தப் பக்கம் எல்லோரும் பார்த்தோம். கதிர் முற்றி நிற்கும்போது வெட்டு ஒரு வாரம் பிந்தினால் நெல் உதிரும், மழை வந்தால் அதுவும் போய்விடும். அடுத்த பெரும்போக வெட்டுக்கு, 2023 தொடக்கத்தில், சீனா நன்கொடையாகத் தந்த டீசலைச் சிறு விவசாயிகளுக்குப் பகிர்ந்தார்கள். உதவிதான். ஆனால் ஒரு போகத்துக்கு ஒரு நாட்டின் தயவு என்று வயல் செய்ய முடியாது.

சரி, அரபு நாடும் அமெரிக்காவும். அவர்களுக்குப் பங்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். 1960இல் பக்தாத்தில் ஈரான், ஈராக், குவைத், சவூதி, வெனிசுவேலா ஐந்தும் சேர்ந்து ஒபெக் அமைத்தபோது உலக எண்ணெய் மேற்கு நாட்டு நிறுவனங்களின் கையில் இருந்தது. 1973 ஒக்டோபர் போரோடு அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதில் சில மாதங்களுக்குள் பீப்பாய் 3 டொலரிலிருந்து 12 டொலர் வரை போனது. இன்றைக்கு ரஷ்யாவும் சேர்ந்த ஒபெக் பிளஸ் கூடி எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்கிறது. போர் இல்லாத சாதாரண காலத்தில் உலகம் எரிக்கும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஹோர்முஸ் நீரிணை வழியாகப் போகிறது. அங்கே ஒரு குண்டு வெடித்தால் சிங்கப்பூரில் விலை துள்ளும், அடுத்த மாதம் உங்கள் ஓட்டோவில் தெரியும். அமெரிக்காவின் பங்கு பெரும்பாலும் தடைகள் வழியாக வருகிறது. சபுகஸ்கந்த ஈரான் எண்ணெய்க்குக் கட்டியது என்றேனே, 2012இல் ஈரான் மீதான தடை இறுகியதும் நாம் வேறு எண்ணெய் தேடி அலைய வேண்டி வந்தது. ஈரானுக்குக் கொடுக்க வேண்டியிருந்த 25 கோடி டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்க்க 2021இல் ஒப்பந்தம் போட்டோம்.

இதைவிடப் பழைய கதை ஒன்றும் உண்டு. 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை அமைத்து, அடுத்த வருடம் ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் நிறுவனங்களின் சொத்துகளை சிறிமாவோ அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நட்ட ஈடு கொடுக்கவில்லை என்று சொல்லி 1963 பெப்ரவரியில் அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. அமெரிக்கர்களின் சொத்தை நட்ட ஈடு இல்லாமல் எடுக்கும் நாட்டுக்கு உதவியை நிறுத்தும் சட்டத்தை அமெரிக்கா முதன்முதலாகப் பயன்படுத்தியதே நம்மீதுதான். 1965இல் டட்லி அரசாங்கம் வந்து நட்ட ஈட்டுக்கு ஒத்துக்கொண்ட பிறகுதான் உதவி திரும்பியது. சிறிய நாடு எண்ணெயில் சொந்தக் காலில் நிற்கப் பார்த்தால் விலை என்ன என்பதை அன்றே காட்டிவிட்டார்கள்.

ஆனால் இந்த வெளியுலகக் காரணங்கள் எல்லா நாட்டுக்கும் பொது. 2022இல் எண்ணெய் பங்களாதேஷுக்கும் ஏறியது, இந்தியாவுக்கும் ஏறியது. அங்கே விலைதான் ஏறியது, இங்கே மாதக் கணக்கில் எண்ணெயே இல்லாமல் போனது. காரணம் டொலர். எல்.சி. (இறக்குமதிக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) திறக்க வங்கியில் டொலர் இல்லை. எண்ணெய்க் கப்பல் கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும், பணம் கட்டாமல் இறக்க மாட்டான், நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கூலி வேறு. இந்தியா கொடுத்த 50 கோடி டொலர் எரிபொருள் கடன் வரியும் சில மாதத்தில் தீர்ந்தது. ஜூன் 28இலிருந்து அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எண்ணெய் என்று அறிவித்தார்கள்.

அந்த டொலர் ஏன் இல்லாமல் போனது என்பதில் எங்கள் ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, கல்முனை, அக்கரைப்பற்று, வாகரைப் பக்கம் கூட, எத்தனை வீடுகளில் பிள்ளையோ தாயோ கத்தாரிலும் சவூதியிலும் குவைத்திலும் வேலை செய்கிறார்கள். எண்ணெய் விலை ஏறினால் வளைகுடாவில் வேலை பெருகும், அங்கிருந்து வரும் பணமும் கூட வேண்டும். அதாவது நாம் எண்ணெய்க்குக் கட்டும் டொலரில் ஒரு பங்கை எங்கள் ஆட்களே அந்த எண்ணெய் நாடுகளில் உழைத்துத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். 2021இல் என்ன செய்தார்கள்? டொலரை 203 ரூபாவில் கட்டி வைத்தார்கள். வங்கிக்கு வெளியே பணம் மாற்றிக் கொடுக்கிற உண்டியல்காரர் அதைவிடக் கூடக் கொடுத்தார். ரியாத்தில் வெயிலில் நின்று உழைக்கிற பிள்ளை வங்கியில் போட்டுத் தன் வீட்டுக்குக் குறைவாக அனுப்புவானா? 2020இல் வங்கி வழியாக 710 கோடி டொலர் வந்தது. 2021இல் 550 கோடி. 2022இல் 380 கோடி. அந்த 2022இல் எரிபொருளுக்கு மட்டும் நாடு கட்டியது 490 கோடி டொலர். மட்டக்களப்பில் செட்டின் வாசலில் இரவு பகலாக நின்ற வரிசைக்கு ஹோர்முஸை விட இந்தக் கணக்குத்தான் நேரடிக் காரணம். கொழும்பில் எடுத்த முடிவு அது.

இடையில் ஒருவர், "விலை குறைவாக இருக்கும்போதே முன்கூட்டி ஒப்பந்தம் போட்டு வைக்க முடியாதா" என்று கேட்கக்கூடும். 2007, 2008இல் அதைச் செய்து பார்த்தார்கள். விலை குறிப்பிட்ட அளவுக்கு மேலே போனால் வங்கி நமக்குக் கொஞ்சம் தரும், கீழே விழுந்தால் நாம் வங்கிக்குக் கட்ட வேண்டும் என்ற மாதிரி ஒப்பந்தங்கள். 2008 ஜூலையில் 147 டொலரைத் தொட்ட எண்ணெய் டிசம்பரில் 40க்குக் கீழே விழுந்தது. நாம் கட்ட வேண்டிய தொகை மலைபோல் நின்றது. உச்ச நீதிமன்றம் தலையிட்டுப் பணம் கட்டுவதை நிறுத்தியது, பெற்றோலை 100 ரூபாவுக்குக் கொடுக்கவும் சொன்னது. வழக்கு வெளிநாடுகளுக்குப் போய் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டிடமும் டொய்ச்ச வங்கியிடமும் தோற்றோம். முன்கூட்டி ஒப்பந்தம் போடுவது பிழையில்லை, பல நாடுகள் செய்கின்றன. ஏறினால் இலாபம் அளவோடு, இறங்கினால் நட்டம் அளவில்லாமல் என்று கையெழுத்து வைத்ததுதான் பிழை.

கடைசியாகத் திருகோணமலை. சீனன்குடாவில் பிரித்தானியர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டிக் கட்டிய 99 தாங்கிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கன மீற்றர் கொள்ளும். 1987 இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறிய கடிதத்திலேயே இந்தத் தாங்கிகளைச் சேர்ந்து நடத்துவது பற்றி எழுதியிருக்கிறது. அந்த எழுத்து காரியமாக 35 வருடம் ஆனது. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 தாங்கி இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளையான லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு, அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 சதவீதம். 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூன்றும் சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டன. இந்தியாவிலிருந்து கடலடியில் குழாய் போடும் பேச்சும் உண்டு.

தாங்கி இருந்தால் விலை குறையுமா? குறையாது தம்பி. தாங்கி என்பது வைக்கிற இடம். உள்ளே ஊற்றுகிற எண்ணெயைச் சிங்கப்பூர் விலைக்கு டொலர் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். விலை விழுந்த காலத்தில் வாங்கி நிரப்பி வைத்தால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், அதற்கும் கையில் டொலர் வேண்டும். சீனாவின் சினோபெக்கும் ஷெல் பெயர்ப் பலகையும் வந்ததால் போட்டியில் விலை கொட்டும் என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான். அவர்கள் போட்டி போடக்கூடியது தங்கள் இலாபத்தில் ஓரிரு ரூபாவுக்குத்தான், பொருள் விலையும் வரியும் எல்லோருக்கும் ஒன்று.

ஆனால் தட்டுப்பாட்டுக்குத் தாங்கி உதவும். எங்களுக்கு அதுதான் பெரிய விஷயம். இப்போது மட்டக்களப்புக் களஞ்சியத்துக்கு எண்ணெய் கொலன்னாவையிலிருந்து ரயிலில் நாட்டைக் குறுக்கே கடந்து வருகிறது. 2024 ஒக்டோபரில் மின்னேரியாப் பக்கம் அப்படி வந்த எண்ணெய் ரயில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது, யானைகள் செத்தன, பாதை தடைப்பட்டது. அம்பாறை மாவட்டத்துக்கு ரயில் பாதையே கிடையாது, முழுக்க பவுசர்தான். சீனன்குடாவோ எங்கள் கரையோர வீதியில் சில மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. கூட்டுத்தாபனத்தின் பங்காக வந்த 24 தாங்கியில் இரண்டு மூன்றைத் திருத்தி, சிறுபோக வெட்டுக்கும் பெரும்போக வெட்டுக்கும் முன்னால் டீசலும், மீன்பிடிப் பருவத்துக்கு மண்ணெண்ணெயும் கிழக்கு மாகாணத்துக்கென்று நிரப்பி வைக்கச் சொல்லிக் கேட்கலாம். மீனவர் சங்கங்களும் விவசாய அமைப்புகளும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எழுத்தில் வைக்க வேண்டிய கோரிக்கை அது. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: மாதக் கடைசி அறிவிப்பில் விலையை மட்டும் சொல்லாமல், லீற்றருக்குப் பொருள் விலை எவ்வளவு, டொலரை எத்தனை ரூபாவாகப் போட்டார்கள், அசையாத வரி எவ்வளவு, பழைய கடனுக்குப் போகிற 50 ரூபாவில் இதுவரை எவ்வளவு அடைந்தது, இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும்.